பூஞ்சணம் பிடிக்கும் கல்யாண டேப்புகள்

மலாக்காவிலிருந்து மூவார் போகும் கடலோரச் சாலையில் உம்பாய் என்றால் வெளியூர்க்காரர்களுக்குச் சுட்ட மீன் கடைதான் ஞாபகத்துக்கு வரும். நம்மவர்களுக்கோ அந்தச் சாலையின் உள்பக்கம்தான் ஊர். செர்க்காம், மெர்லிமாவ், ஜாசின் என்று முதலில் பால்மரமும் பிறகு செம்பனையுமாகக் கிடந்த தோட்டங்களில் பிறந்து, லயத்தில் வளர்ந்து, தோட்டம் கைமாறிய பின் தாமான் வீட்டுக்கும் மலிவு விலை அடுக்குமாடிக்கும் குடிபெயர்ந்த குடும்பங்கள் இந்த வட்டாரம் முழுக்க இருக்கின்றன. இன்னும் தோட்டத்திலேயே இருப்பவர்களும் உண்டு. சங்க வேலையாக இந்த வீடுகளுக்குப் போகும்போதெல்லாம் சமீப காலமாக நாம் ஒரு கேள்வி கேட்டு வருகிறோம். "உங்க வீட்டுக் கல்யாண டேப்பு எங்க இருக்கு?"

பதில் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். "அலமாரி மேல கெடக்கும் அண்ணே. போட்டுப் பாக்க டெக்கு ஏது?" என்பார்கள். இல்லாவிட்டால், "வீடு மாறி வந்தப்ப எங்கியோ போச்சு" என்பார்கள். ஒரு வீட்டில் அக்கா ஒருவர் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை இழுத்துத் திறந்து காட்டினார். உள்ளே பதினொரு ஒலிநாடா, இரண்டு ஒளிநாடா. நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சணம் பூத்திருந்தது. "வெயில்ல காய வெச்சா சரியாப் போயிருமா தம்பி?" என்று கேட்டார். போகாது. வெயில் அதை இன்னும் கெடுக்கும்.

அந்த டின்னில் இருப்பதைப் பென்டிரைவுக்கும் கைப்பேசிக்கும் பாட்டுப் பெட்டிக்கும் எப்படி மாற்றுவது, அதற்கு ஏன் இவ்வளவு அவசரம் என்பதைத்தான் இந்த வாரம் எழுதுகிறோம்.

கல்யாண டேப்பு என்றால் அதில் பொண்ணும் மாப்பிள்ளையும் மட்டும் இல்லை. 1980-களில் தோட்டத்துக் கல்யாணத்தைப் படம் பிடிக்க டவுனிலிருந்து வந்தவர், தோளில் கனத்த கேமராவும் பின்னால் விளக்குப் பிடிக்க ஒரு பையனுமாக, மாப்பிள்ளை அழைப்போடு லயத்து வாசலிலிருந்து கோயில் வரைக்கும் நடந்தார். நடந்த வழியில் அவர் அறியாமலேயே ஒரு தோட்டத்தைப் பிடித்துவிட்டார். தகரக் கூரை, வாசலில் அடுக்கிய விறகு, பொதுக் குழாய், ஆயாக் கொட்டகை, பெரட்டுக் களம், முனீஸ்வரன் மேடை, பள்ளிக்கூடத்து வேலி எல்லாம் வரிசையாக வருகின்றன. சாப்பாட்டுப் பந்தியைக் காட்டும்போது ஐம்பது அறுபது முகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. அவர்களில் பாதிப் பேர் இன்று உயிரோடு இல்லை. பல இடங்களில் அந்த லயமும் இல்லை.

தோட்டங்களைப் பற்றிய படங்கள் வேறு இடங்களிலும் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. அவை கம்பெனிகள் எடுத்து வைத்தவை. துரை பங்களா இருக்கும், புகைக்கூடம் இருக்கும், நிரை தப்பாத மரங்கள் இருக்கும். ஓரத்தில் வாளியோடு நிற்கும் நம் பாட்டிக்கு அதில் பெயர் இருக்காது. நம் காசைக் கொடுத்து நமக்காக நாம் எடுத்துக்கொண்ட அசையும் படம் கல்யாண டேப்பும் திருவிழா டேப்பும்தான். செங் சன்னாசிமலைக்கு மாசிமகத்தன்று காவடி எடுத்ததையும், தோட்டத்து மாரியம்மனுக்குத் தீ மிதித்ததையும் எத்தனையோ பேர் எடுத்து வைத்திருக்கிறார்கள்.

இதில் ஒரு வருத்தம். படம் பிடித்தவர்களில் பலர், அழகாக இருக்கட்டும் என்று, உண்மையான சத்தத்தை எடுத்துவிட்டு அதன் மேல் சினிமாப் பாட்டைப் போட்டுவிட்டார்கள். தாலி கட்டும்போது கெட்டிமேளம் இல்லை, இளையராஜாதான் இருக்கிறார். மாமன் சீர் கொண்டு வருகிறபோது வாசலில் நடந்த பேச்சு, கிழவிகள் பாடிய நலங்குப் பாட்டு, யாரோ யாரையோ திட்டியது எல்லாம் போயே போய்விட்டன. பாட்டை எங்கே வேண்டுமானாலும் கேட்கலாம். அந்தத் திட்டை எங்கே போய்க் கேட்பது? ஆகவே படம் பிடித்தவர் இன்னும் இருக்கிறார் என்றால், வெட்டி ஒட்டாத மூல நாடா அவரிடம் உண்டா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். கடையை மூடிவிட்டாலும் சிலர் பெட்டி பெட்டியாக வைத்திருக்கிறார்கள்.

ஒளிநாடாவுக்கு முந்தியது ஒலிநாடா. நாம் 'கேசட்' என்று சொல்லும் அந்தச் சிறு பெட்டியை 1963-இல் நெதர்லாந்தின் பிலிப்ஸ் கம்பெனி வெளியிட்டது. 1979 ஜூலை முதல் தேதி ஜப்பானில் சோனி கம்பெனி வாக்மேனை விற்கத் தொடங்கியது. இடுப்பில் மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்கும் பழக்கம் உலகத்துக்கு அப்படித்தான் வந்தது. தோட்டத்தில் வாக்மேன் வைத்திருந்தவர்கள் குறைவு. நம் வீடுகளுக்கு வந்தது பெரிய ரேடியோ டேப்புதான். அதில் சிவப்புப் பொத்தான் ஒன்று இருந்தது. அதை அமுக்கினால் நாம் பேசுவது பதிவாகும். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தலைமுறைக்கு அந்தப் பொத்தான் என்ன செய்தது என்பதை இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னாலும் புரியாது.

1968-இல் வந்த வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால், குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் வாங்க வேண்டியதாயிற்று. சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த நம்மவர்களில் ஏராளமானோர் 1969, 1970 வாக்கில் கப்பலேறி இந்தியாவுக்குப் போனார்கள். அண்ணன் அங்கே, தம்பி இங்கே என்று குடும்பங்கள் பிரிந்தன. சில ஆண்டுகள் கழித்து டேப்பு பரவியபோது, கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டில் பேசி, ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்து அனுப்பிய குடும்பங்களை நாம் அறிவோம். ஒரு பக்கம் இங்கேயிருந்து பேசியது, மறுபக்கம் அங்கேயிருந்து வந்த பதில். குழந்தைக்குப் பெயர் வைத்தது, ஆடு விற்றது, அப்பன் செத்தது எல்லாம் அந்த அறுபது நிமிடத்துக்குள் இருக்கும். அப்படிப்பட்ட கேசட்டின் மேல் பிற்பாடு பக்திப் பாட்டைப் பதிந்தவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல முடியாது. புதுக் கேசட் வாங்கக் காசு வேண்டுமே.

இப்போது ஆபத்துக்கு வருவோம். நாடா என்பது மெல்லிய பிளாஸ்டிக் பட்டை. அதன் மேல் இரும்புத் துருப்பொடியை ஒரு பசையால் ஒட்டியிருக்கிறார்கள். அந்தத் துருவின் காந்தத்தில்தான் தாத்தாவின் குரல் இருக்கிறது. மலாக்காக் கடலோரத்து ஈரக்காற்றில் அந்தப் பசை தண்ணீரை உறிஞ்சும், இளகும், பூஞ்சணத்துக்கு உணவாகும். நாடா தானாகவே செத்துக்கொண்டிருக்கிறது. போட்டுக் காட்டும் மிசினும் செத்துக்கொண்டிருக்கிறது. நம் வீடுகளுக்கு வந்த விஎச்எஸ் முறை ஜப்பானில் 1976-இல் வெளிவந்தது. ஜேவிசி கம்பெனி கொண்டு வந்தது அது. கடைசி வரைக்கும் டெக்கு செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் கம்பெனி 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. இனி உலகத்தில் இருப்பதெல்லாம் பழைய டெக்குதான். அதன் உதிரிப் பாகமும் பழசு, பழுது பார்க்கத் தெரிந்தவரும் வயதானவர். ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலிக் காப்பகம் 2015-லேயே ஓர் எச்சரிக்கை விட்டது. 2025-க்குள் மாற்றாத நாடாக்கள் பெரும்பாலும் போனது போனதுதான் என்றது அது. அந்த எல்லைக்கு நாம் வந்துவிட்டோம்.

'இதெல்லாம் பெரிய இடத்துச் சமாசாரம், நமக்கு எதுக்கு?' என்று யாரும் நினைக்க வேண்டாம். தமிழின் முதல் பேசும் படம் 'காளிதாஸ்', 1931-இல் வந்தது. அத்தனை கூட்டம் கூடிப் பார்த்த படத்துக்கே இன்று ஒரு பிரதி இல்லை. பணமும் பேரும் இருந்த சினிமாக்காரர்கள் கதியே அப்படி என்றால் லயத்து வீட்டு நாடாவை யார் காப்பாற்றப் போகிறார்கள்? 1967-இல் புக்கிட் அசகான் தோட்டத்துத் தொழிலாளர்கள் கோலாலம்பூருக்குக் கால்நடையாகவே போனார்கள். அது நம் மாநிலத்துச் சரித்திரம். அந்த நடையில் போனவர்கள் பிற்காலத்தில் தங்கள் பேரப்பிள்ளைகளுக்கு அதைப் பற்றிச் சொன்ன பேச்சு எந்த வீட்டுக் கேசட்டிலாவது இருக்கலாம். இருந்தால் அது எந்தப் புத்தகத்தையும்விடப் பெரிது. இலங்கையில் 2005-இல் தொடங்கிய 'நூலகம்' என்ற அமைப்பு, மலையகத் தோட்ட மக்களின் ஆவணங்களையும் தேடி எடுத்துக் கணினியில் சேர்த்து வருகிறது. 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டதைப் பார்த்த ஜனங்கள் அவர்கள். அந்த அருமை அவர்களுக்குத் தெரியும். சிங்கப்பூரில் 1979 முதற்கொண்டே சாதாரண மனிதர்களின் வாய்மொழியை அரசாங்கமே பதிவு செய்து வைக்கிறது. நாமோ டின்னில் வைத்திருக்கிறோம்.

சரி, எப்படிச் செய்வது? முதலில் ஒலிநாடா. இது சுலபம், வீட்டுப் பிள்ளைகளே செய்யலாம். வேலை செய்கிற ஒரு டேப்பு வேண்டும். பழைய டேப்பில் பெரும்பாலும் கெட்டுப்போவது உள்ளே இருக்கும் ரப்பர் பட்டைதான். பழைய ரப்பர் இளகிப் பிசுபிசுக்கும் என்று பால்மரத்தில் பிழைத்த நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பட்டையை மாற்றினால் பல டேப்புகள் ஓடும். ஹெட்போன் சொருகும் துளையிலிருந்து ஒரு வயரைக் கணினியின் ஒலி வாங்கும் துளைக்குக் கொடுங்கள். கணினியில் ஒற்றைத் துளைதான் இருக்கிறது என்றால், யுஎஸ்பி வழியே சேர்க்கும் சிறு ஒலிக்கருவி கடையில் கிடைக்கும். கணினியிலேயே நேராகச் சொருகும் கேசட் மிசினும் விற்கிறார்கள். 'ஆடாசிட்டி' என்ற இலவச மென்பொருளில் பதிவு செய்யலாம். அறுபது நிமிடக் கேசட் என்றால் அறுபது நிமிடம் ஆகும். குறுக்கு வழி கிடையாது. சமையல் ஒரு பக்கம் நடக்கட்டும், கேசட் ஒரு பக்கம் ஓடட்டும்.

கேசட்டைப் போடுமுன் ஒரு காரியம் மறவாதீர்கள். அதன் முதுகில் இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் பற்களை உடைத்துவிடுங்கள். ஒளிநாடாவுக்கு முதுகில் ஒரே ஒரு பல். பல் உடைந்தால் அதன் மேல் புதிதாக எதையும் பதிய முடியாது. தவறிப்போய்ச் சிவப்புப் பொத்தானை அமுக்கினாலும் தாத்தா பிழைத்துக்கொள்வார். சீரியல் பதிவு செய்வதற்காக அந்தப் பல் உடைந்த ஓட்டையில் ஸ்டிக்கர் ஒட்டிய வீடுகள் நிறைய. அந்த ஸ்டிக்கரைப் பிய்த்துவிடுங்கள். நாடா தொய்ந்திருந்தால் பென்சிலைவிட்டுச் சுற்றுவது நமக்குத் தெரிந்த வித்தைதான். அறுந்திருந்தால் சாதாரண செலோடேப்பால் ஒட்டாதீர்கள், அதன் பசை ஒழுகி அடுத்த சுற்றையும் பிடித்துக்கொள்ளும். நாடா ஒட்டுவதற்கென்றே தனி ஒட்டுப்பட்டை இருக்கிறது.

பதிவு செய்ததை இரண்டு விதமாக வையுங்கள். 'வேவ்' என்பது முழுத் தரம். நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி இடம் பிடிக்கும், ஒரு கேசட்டுக்கு 600 எம்பிக்கு மேல் போகும். அது பத்திரமாக வைப்பதற்கு. 'எம்பி3' என்பது சுருக்கியது. அதே கேசட் 60 எம்பிக்குள் அடங்கிவிடும். அது அன்றாடம் கேட்பதற்கு. 16 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் இப்படிச் சுருக்கியது 250 மணி நேரத்துக்கு மேல் கொள்ளும். நம் வீட்டு டின் எல்லாம் அதற்கு எம்மாத்திரம்?

ஒளிநாடா கொஞ்சம் சிரமம். ஓடுகிற டெக்கு ஒன்று, அதிலிருந்து மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர், அதைக் கணினிக்குள் வாங்கும் யுஎஸ்பி கருவி ஒன்று தேவை. இங்கே எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. அந்தக் கருவி எந்த முறைப் படம் என்று கேட்கும். அமெரிக்கா, ஜப்பானில் என்டிஎஸ்சி. நம் நாட்டில் பால். (நாம் வெட்டிய பால் அல்ல, இது வேறு பால்!) முறையை மாற்றி வைத்தால் படம் கறுப்பு வெள்ளையாகத் தெரியும், அல்லது உருண்டுகொண்டே இருக்கும். 'டேப்பு கெட்டுப்போச்சு' என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். முதலில் அதைச் சரிபாருங்கள்.

அடுத்த சிக்கல் அளவு. 180 என்று போட்ட ஒளிநாடா மூன்று மணி நேரம் ஓடும். நல்ல தரத்தில் வைத்தால் 4 ஜிபியைத் தாண்டிவிடும். ஃபேட்32 என்ற பழைய முறையில் அமைந்த பென்டிரைவ் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்றுக்கொள்ளாது. இடம் இருக்கும், ஆனால் உள்ளே போகாது. ஆகவே ஒரு மணி நேரத்துக்கு ஒரு துண்டாக வெட்டிக்கொள்ளுங்கள். பொண்ணழைப்பு ஒன்று, முகூர்த்தம் ஒன்று, பந்தி ஒன்று என்று பிரித்தால் பார்க்கவும் வசதி. எம்பி4 என்ற வடிவில் வைத்தால் கைப்பேசியிலும் தொலைக்காட்சியிலும் ஓடும்.

டெக்கில் படம் ஓட, கைப்பேசியை நீட்டித் திரையைப் படம் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். கோடு கோடாக வரும், சத்தம் கிணற்றுக்குள் இருந்து வருவது போல் இருக்கும். நாம் அதைச் சிபாரிசு செய்ய மாட்டோம். ஆனாலும் டெக்கு நாளைக்கே நின்றுவிடும் என்ற நிலையில் வேறு வழியில்லை என்றால் அதையாவது செய்யுங்கள்.

பூஞ்சணம் பிடித்த நாடாவை மட்டும் எந்த மிசினிலும் போடக்கூடாது. பூஞ்சணம் மிசினின் தலையில் ஒட்டி, அடுத்து போடும் நல்ல நாடாவையும் கெடுக்கும். மூச்சில் போனால் நமக்கும் கேடு. அதைத் தனி உறையில் கட்டி, சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும். பஞ்சுக் குச்சியால் டெக்கின் தலையைத் துடைக்கும் கைவைத்தியமும் வேண்டாம். பஞ்சு நூல் சிக்கினால் தலையே போய்விடும்.

1990-களிலும் அதற்குப் பிறகும் கல்யாணம் செய்தவர்களிடம் விசிடி தட்டு இருக்கும். 'தட்டுதானே, கெடாது' என்ற எண்ணம் சரியல்ல. கடையில் அச்சடித்த சினிமாத் தட்டு வேறு, கல்யாணக்காரர் கணினியில் பதிந்து கொடுத்த தட்டு வேறு. பின்னது ஒரு சாயத்தில் பதிவது. வெளிச்சமும் சூடும் பட்டால் சாயம் வெளுக்கும். தட்டுப் போடும் வசதி உள்ள கணினியில் போட்டு, உள்ளே 'எம்பெக்ஏவி' என்ற பகுதியில் இருக்கும் கோப்பை அப்படியே பிரதி எடுத்தால் போதும். 'விஎல்சி' என்ற இலவச மென்பொருளில் அது ஓடும். ஐந்து நிமிடத்து வேலை. டின்னைத் திறந்தால் முதலில் தட்டை முடித்துவிட்டு நாடாவுக்குப் போகலாம்.

மாற்றியாயிற்று, எதில் கேட்பது? பிள்ளைகளுக்குக் கைப்பேசி போதும். ஒரு காலத்தில் இதற்கென்றே தனிக் கருவி இருந்தது. பக்கத்துச் சிங்கப்பூரில் சிம் வோங் ஹூ என்பவர் 1981-இல் தொடங்கிய கிரியேட்டிவ் கம்பெனி, 2000-இல் ஆயிரக்கணக்கான பாட்டுகளை அடக்கும் 'நோமட் ஜூக்பாக்ஸ்' கருவியை விற்றது. ஆப்பிளின் ஐபாட் வந்ததே அடுத்த ஆண்டுதான். பிறகு உரிமைத் தகராறு வந்து, 2006-இல் ஆப்பிள் இந்தச் சிங்கப்பூர்க் கம்பெனிக்குப் பத்துக் கோடி அமெரிக்க டாலர் கொடுத்துச் சமாதானம் ஆனது. அந்த ஐபாட்டும் 2022-இல் நின்றுவிட்டது. சொல்ல வந்தது என்னவென்றால், கருவிகள் வரும் போகும். கருவியை நம்பாதீர்கள், கோப்பை நம்புங்கள். எம்பி3-யாக இருந்தால் எந்தக் கருவி வந்தாலும் ஏற்றிக்கொள்ளலாம்.

பெரியவர்களுக்குக் கைப்பேசி ஆகாது. விரல் காய்ப்புக் காய்த்தவர்கள் கண்ணாடியைத் தடவினால் அது கேட்பதில்லை. கண்ணிலும் புரை. அவர்களுக்கு ஏற்றது பசார் மாலாமில் விற்கும் சின்னப் பாட்டுப் பெட்டிதான். பென்டிரைவோ சிறு அட்டையோ சொருகலாம், அமுக்கினால் பாடும். 2017-இல் இந்தியாவின் சரிகம கம்பெனி (நம் பெரியவர்கள் அறிந்த பழைய எச்.எம்.வி.தான்) ஐயாயிரம் பழைய பாட்டுகளை உள்ளே வைத்து 'கார்வான்' என்ற பெட்டியை விற்றது. பிறகு தமிழ்ப் பாட்டுப் பெட்டியும் வந்தது. பெரிய பொத்தான், ஒரு திருகு, அவ்வளவுதான். அதிலும் நம் சொந்தப் பென்டிரைவைச் சொருகிக் கேட்கலாம்.

மெர்லிமாவ் பக்கம் ஒரு பாட்டியின் வீட்டில் இப்படிச் செய்து கொடுத்தார்கள். அவர் கணவர் தோட்டத்தில் உடுக்கடித்துப் பாடியவர், காலமாகிப் பல ஆண்டுகள். ஒரு தீமிதித் திருவிழாவில் யாரோ கேசட்டில் பிடித்த பாட்டைப் பேரன் மாற்றிப் பெட்டியில் போட்டான். பாட்டு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பாட்டி மறுபடி மறுபடி போடச் சொன்னது பாட்டை அல்ல. பாட்டுத் தொடங்குமுன் அவர் செருமிவிட்டு, "ஏ புள்ள, தண்ணி கொண்டா" என்கிறார். அந்த நான்கு வார்த்தைதான். பேரன் அதை மட்டும் தனியாக வெட்டி முதல் கோப்பாக வைத்துவிட்டான். "மொத பொத்தான அமுக்குனா தாத்தா தண்ணி கேப்பாரு" என்று பாட்டி நம்மிடம் சொன்னார். 'தேவையில்லாத சத்தம்' என்று நினைத்து இப்படிப்பட்ட இடங்களை வெட்டிவிடாதீர்கள் என்று இளைஞர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

பெட்டிகளைப் பற்றி இன்னும் கொஞ்சம். பல சின்னப் பெட்டிகள் 32 ஜிபிக்கு மேற்பட்ட அட்டையைப் படிக்காது. பல பெட்டிகள் பெயர் வரிசையில் பாடாது, நாம் எந்த வரிசையில் ஏற்றினோமோ அந்த வரிசையில்தான் பாடும். ஆகவே ஒவ்வொன்றாக வரிசையாக ஏற்றுங்கள். தமிழில் பெயர் வைத்தால் சிலவற்றில் கட்டம் கட்டமாகத் தெரியும். கோப்புக்கு 001, 002 என்று எண் கொடுத்துவிட்டு, எந்த எண்ணில் என்ன இருக்கிறது என்று ஒரு பள்ளிக்கூட நோட்டில் தமிழில் எழுதுங்கள்.

அந்த நோட்டுதான் முக்கியம். படத்தை மாற்றிவிட்டால் பாதி வேலைதான் முடிந்தது. பந்தியில் உட்கார்ந்திருப்பவர் யார்? தவில் அடிப்பவர் எந்தத் தோட்டம்? சிவப்புச் சேலை கட்டியவர் மண்டோர் மகளா, கிராணி வீட்டுப் பெண்ணா? இதைச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் சில பேர்தான் இருக்கிறார்கள். அவர்களை உட்கார வைத்துப் படத்தைப் போடுங்கள். பக்கத்தில் ஒரு கைப்பேசியை வைத்து அவர்கள் பேசுவதைப் பதிவு செய்யுங்கள். "இவன்தான்டி பால் கொட்டகையில வேலை செஞ்சவன், பாம்பு கடிச்சி செத்தான்" என்று ஒரு பாட்டி சொல்வார். இன்னொருவர், "இல்ல, அது அவன் தம்பி" என்பார். இரண்டையும் எழுதுங்கள். அந்தச் சண்டை கூட நமக்கு வேண்டும்.

செலவைப் பற்றிக் கேட்கிறார்கள். கடையில் கொடுத்தால் நாடாவுக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள்; பத்து நாடா என்றால் பாட்டாளிக் குடும்பத்துக்குக் கனம்தான். ஆகவே தனித்தனியாகப் போக வேண்டாம் என்பது நம் அபிப்பிராயம். ஒரே தோட்டத்திலிருந்து வந்த பத்துக் குடும்பம் சேர்ந்து ஒரு டெக்கும் ஒரு கருவியும் வாங்கினால் ஆளுக்குச் சில பத்து வெள்ளியோடு முடியலாம். ஒரு வீட்டு டேப்பில் இன்னொரு வீட்டுத் தாத்தா இருப்பார் என்பதால் சேர்ந்து செய்வதில் இன்னொரு லாபமும் உண்டு. கடையில்தான் கொடுக்கிறீர்கள் என்றால், நாடாவின் மேல் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதி, எத்தனை கொடுத்தோம் என்று ரசீது வாங்குங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொடுக்காமல் முதலில் ஒன்றைக் கொடுத்து வேலையைப் பாருங்கள்.

மாற்றிய பின் ஒரே பென்டிரைவில் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கக்கூடாது. பென்டிரைவ் சொல்லாமல் கொள்ளாமல் சாகும். நாடாவாவது இருமி இருமிச் சாகும். குறைந்தது இரண்டு பிரதி, இரண்டு வெவ்வேறு வீட்டில் இருக்கட்டும். ஒன்று உம்பாயில் என்றால் இன்னொன்று ஜோகூரில் இருக்கும் மகள் வீட்டில். வருடத்துக்கு ஒரு முறை, தீபாவளிக்கோ பொங்கலுக்கோ, போட்டுப் பார்த்து, ஓடுகிறதா என்று சோதியுங்கள்.

யூடியூப்பில் ஏற்றலாமா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். ஏற்றலாம், ஆனால் இரண்டு விஷயம். மேலே போட்ட சினிமாப் பாட்டுக்கு உரிமைக்காரர் உண்டு; அங்கே தானாகவே கண்டுபிடித்துச் சத்தத்தை நிறுத்திவிடுவார்கள், அல்லது படத்தையே தடுப்பார்கள். அடுத்தது அதைவிடப் பெரிது. அந்தப் படத்தில் இருப்பவர்களைக் கேட்காமல் ஏற்றாதீர்கள். பிரிந்துபோன தம்பதி இருப்பார்கள், கணவனை இழந்தவர் இருப்பார். வீட்டுக்குள் பார்ப்பது வேறு, ஊருக்குக் காட்டுவது வேறு.

கடைசியாக, மாற்றி முடித்த நாடாவைக் குப்பையில் போடாதீர்கள், பழைய சாமான் லோரிக்கும் போடாதீர்கள். இன்றைக்கு எடுத்ததைவிட நன்றாக எடுக்கும் வசதி நாளைக்கு வரலாம். கடைசி வரை ஓடவிட்டு, புத்தகம் மாதிரி நிமிர்த்தி, மூடியுள்ள டின்னில் வையுங்கள். சப்பாத்துப் பெட்டியிலும் மருந்துப் புட்டியிலும் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்களைச் சேர்த்து உள்ளே போடுங்கள். ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பக்கத்தில் வேண்டாம், அதில் காந்தம் உண்டு. அடுப்படிக்கு மேலேயும் வேண்டாம். டின் மூடியின் மேல் எந்தத் தோட்டம், எந்த லயம், எந்த வருடம் என்று ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள்.